மல்லிக்கு விலை வைப்பது யார், கூலிக்கு விலை வைப்பது யார்?

"தாராளமயம் வந்துதான் மில்லையெல்லாம் மூடிட்டான்" என்பார் ஒருவர். "கவர்ன்மென்ட் கையை எடுத்துட்டா எல்லாம் தானா சரியாகிடும்" என்பார் பக்கத்து பெஞ்சுக்காரர். தாராளமயம் என்றால் தொழிலுக்கும் வணிகத்துக்கும் இருந்த அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது. முன்னவர் திட்டுவதும் பின்னவர் புகழ்வதும் தடையற்ற சந்தையைத்தான். அது எப்படி இயங்குகிறது என்று கேட்டால் இருவருமே அடுத்த டீக்குச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இந்தக் கட்டுரை பொருளாதாரம் படிக்காதவர்களுக்கு. வரைபடம் கிடையாது. ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டல் பெருக்கல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது ஒரு கேள்விக்கான பதில்: உழைப்பவரின் கூலி சந்தையில் எப்படி முடிவாகிறது?

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்

சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் மதுரை மல்லி, மார்கழிப் பனியில் வரத்து குறைந்து, பொங்கலும் தை முகூர்த்தமும் நெருங்கும்போது ஆயிரங்களைத் தாண்டிவிடும். கலெக்டர் உத்தரவு போடவில்லை, சங்கம் தீர்மானம் போடவில்லை. பூ குறைவு, கேட்பவர் அதிகம், அவ்வளவுதான்.

வாங்க விரும்பி, கையில் பணமும் வைத்திருப்பவர்கள் கேட்கும் அளவுக்குத் தேவை என்று பெயர். விற்க வந்திருக்கும் அளவு அளிப்பு. கொண்டுவந்த பூவும் கேட்கிற பூவும் சரியாகப் பொருந்துகிற விலை சமநிலை விலை. காலையில் பத்து கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, ஒன்பது மணிவாக்கில் மார்க்கெட் முழுவதும் ஏறத்தாழ ஒரே விலை பேசத் தொடங்குகிறதே, அதுதான் இது.

இந்த விலை ஒரு செய்தியும் கூட. ஏறினால் விவசாயி அடுத்த ஆண்டு இன்னும் பத்து சென்ட்டில் மல்லி போடலாமா என்று யோசிக்கிறார். ஆடம்பரத்துக்குப் பூ வாங்குபவர் செவ்வந்திக்கு மாறிக்கொள்கிறார். விலை படுத்துவிட்டால் வாசனைச் செண்ட் கம்பெனிகள் வந்து மொத்தமாக அள்ளுகின்றன. உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் பூக்கட்டும் அம்மாவுக்கும் அறிமுகமே இல்லை. ஆனாலும் ஒருவரின் நிலைமை மற்றவரின் முடிவை மாற்றிவிடுகிறது. எந்த அதிகாரியும் உட்கார்ந்து இவ்வளவு வேகமாகக் கணக்குப் போட முடியாது. சந்தையைப் பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுவது நல்லது.

தடையற்ற சந்தை என்பதன் அடிப்படை இதுதான். விலையை யாரும் ஆணையிட்டு வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் விற்க வரலாம், வாங்க வரலாம். பிடிக்காவிட்டால் போய்விடலாம்.

விதியே இல்லாத சந்தை உண்டா?

இங்கேதான் முதல் குழப்பம். தடையற்ற சந்தை என்றால் அரசே இல்லாத இடம் என்று பலர் நினைக்கிறார்கள். பூக்கடைத் தராசைப் பாருங்கள். அதில் அரசு முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைச் சோதிப்பது தொழிலாளர் துறை. எடையில் நம்பிக்கை இல்லையென்றால் வாங்குபவர் ஒவ்வொருவரும் சொந்தத் தராசோடுதான் வர வேண்டும்.

ஒரு படி மேலே போய், அரசே சந்தையை உருவாக்கியதும் உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது மதுரை அண்ணா நகரில்தான். அதற்கு முன் சிறு விவசாயி கத்தரிக்காயைக் கமிஷன் மண்டியில் போட்டுவிட்டு, அங்கே சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. உழவர் சந்தை மண்டியை ஒழிக்கவில்லை. விவசாயிக்குப் போவதற்கு இன்னொரு இடம் கிடைத்தது. அந்த இன்னொரு இடம் இருப்பதாலேயே மண்டியில் பேசும் பேச்சும் கொஞ்சம் மாறும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. ஒருவருக்குக் கையிலிருக்கும் வாய்ப்பை விட்டால் அடுத்து என்ன கிடைக்கும் என்பதை மாற்று வழி என்று சொல்வோம். அந்த மாற்று வழியைக் காட்டி எவ்வளவு தூரம் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதோ, அதுவே அவருடைய பேர வலு.

உழைப்பும் பூ மாதிரிதான்

மல்லி மொட்டாகப் பறிக்கப்படுகிறது. மலர்ந்துவிட்டால் மதிப்புப் போச்சு. இன்றைக்கு விலை சரியில்லை, நாளை பார்க்கலாம் என்று மூட்டை கட்டி வைக்க முடியாது. உழைப்பும் அப்படித்தான். காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியோடு முக்கில் நிற்கும் சித்தாள், பத்து மணி வரை யாரும் கூப்பிடவில்லை என்றால் அன்றைய உழைப்பை இழந்துவிடுகிறார். அதைச் சேர்த்துவைத்து மறுநாள் இரட்டிப்பாக விற்க வழியில்லை.

அழுகும் சரக்கை வைத்திருப்பவருக்கு அவசரம், வாங்குபவருக்கு இல்லை. பூ விவசாயிகளில் பலர் கமிஷன் கடையிலேயே கடன் வாங்கியிருப்பார்கள். உரத்துக்கு, பிள்ளை படிப்புக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு. கடன் இருக்கும்வரை பூவை அந்தக் கடைக்குத்தான் போட வேண்டும். மார்க்கெட்டில் எத்தனையோ கடை இருந்தாலும் அவருக்கு இருப்பது ஒரே கடை. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு தங்கியிருக்கும் தொழிலாளியின் நிலை இதைவிட மோசம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் பழக்கம் அதற்கு அப்புறமும் தொடர்ந்தது.

ஆடம் ஸ்மித்தைத் தடையற்ற சந்தையின் பிதாமகன் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அவர் 1776இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆட்களே இல்லாமல் முதலாளி ஓரிரண்டு ஆண்டு தாக்குப்பிடிப்பார். வேலையில்லாமல் ஒரு வாரம் தாங்க முடியாத தொழிலாளர்கள் பலர், ஒரு மாதம் தாங்குபவர் சிலர், ஓர் ஆண்டு தாங்குபவர் அரிதிலும் அரிது. கூலியை ஏற்றக் கூடாது என்பதில் முதலாளிகள் எப்போதும் சத்தமில்லாமல் ஒன்றாகவே இருக்கிறார்கள் என்றும் எழுதினார். சந்தையைப் புகழ அவரைத் துணைக்கு அழைப்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் ஏனோ புரட்டுவதில்லை.

தொழிற்சங்கம் இந்த இடத்தில்தான் வருகிறது. தனியாக நிற்பவரால் ஒரு வாரம் தாங்க முடியாது. ஆயிரம் பேர் சேர்ந்து நின்றால் முதலாளிக்கும் அவசரம் வந்துவிடும். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். அந்த மில்லை நடத்திய ஹார்வி நிறுவனம்தான் மதுரை மில்லையும் நடத்தியது. பூ விவசாயிகள் ஒன்றுசேர்ந்து 'இதற்குக் கீழே தரமாட்டோம்' என்று நிற்பதற்கும் இதற்கும் கணக்கில் வேறுபாடு கிடையாது.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: விலை தேவையாலும் அளிப்பாலும் முடிவாகிறது என்பது உண்மை. யார் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பதும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

சந்தையே கூலியை ஏற்றிய கதை

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், கொத்தனார் சம்பளம் எப்படி ஏறியது என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை. ஊருக்கு ஊர் கட்டடம் எழும்பியது. கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்களில் பலர் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். மிச்சமிருந்த கொத்தனாருக்கு ஒரே நாளில் மூன்று மேஸ்திரிகளிடமிருந்து போன் வந்தது. கேட்ட கூலி கிடைத்தது.

வேலை கொடுப்பவர்கள் பலர் இருந்து, தொழிலாளி எளிதாக இடம் மாற முடிந்தால், கூலி அவருடைய உற்பத்தித்திறனை நோக்கி நகரும் என்கிறது பொருளாதாரம். ஒருவர் ஒரு நாளில் உருவாக்கித் தரும் மதிப்பைத்தான் உற்பத்தித்திறன் என்கிறோம். அதற்கு மிகக் குறைவாக ஒரு மேஸ்திரி கொடுத்தால் அடுத்த மேஸ்திரி கொஞ்சம் கூட்டிக் கொடுத்து ஆளை இழுத்துக்கொள்வார்.

கூலி ஏறியதும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இதுவும் அதே விதிதான். "வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துட்டான்" என்று சொல்பவரின் தம்பி துபாயில் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பார். அங்கே அவரைப் பற்றி என்ன பேசுகிறார்களோ.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மல்லி ஆயிரங்களில் விற்கும் நாளில் பூப்பறிக்கும் பெண்ணுக்கும் கொண்டாட்டம் என்று நினைப்போம். செடியில் பூ இல்லாததால்தானே அந்த விலை? கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு அன்று பறிக்கவே பூ இருக்காது. பொருளின் விலையும் அதில் உழைப்பவரின் கூலியும் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும் என்று எந்தச் சந்தையும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஒரே மில், ஒரே வேன்

இனி அந்தக் கூட்டல் பெருக்கல். சுற்றிலும் வேறு வேலை இல்லாத ஊர். காலையில் மில் வேன் வந்து பெண்களை ஏற்றிப்போகிறது. அந்த வேன் ஒன்றுதான் வருகிறது. உழைப்பை வாங்குபவர் ஒருவர், விற்பவர் பலர். இந்த நிலைக்கு வாங்குவோர் முற்றுரிமை என்று பெயர். 1933இல் இந்தக் கருத்தை விரிவாக விளக்கியவர் ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர்.

கற்பனைக் கணக்கு: நாளுக்கு 400 ரூபாய் கொடுத்தால் பத்துப் பெண்கள் வருகிறார்கள். பதினோராவது பெண்ணுக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, 420 கொடுத்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அவர் உள்ளே வந்தால் மில்லுக்கு நாளுக்கு 550 ரூபாய் மதிப்புள்ள வேலை நடக்கும். 420 கொடுத்து 550 பெறலாம், எடுத்துவிட வேண்டியதுதானே?

முதலாளி எடுக்கமாட்டார். புது ஆளுக்கு 420 கொடுத்தால் பழைய பத்துப் பேரும் கேட்பார்கள். முன்பு மொத்தக் கூலி 10 × 400 = 4000. இப்போது 11 × 420 = 4620. ஒரே ஓர் ஆளைக் கூடுதலாக எடுக்க 620 ரூபாய் செலவாகிறது, வருவதோ 550. ஆகவே 400லேயே நின்றுகொண்டு, டீக்கடையில் "ஆளே கிடைக்கமாட்டேங்குது சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. 'நான் தரும் கூலிக்கு' என்ற மூன்று சொற்களைத்தான் விட்டுவிடுகிறார்.

இப்போது அரசு 420 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்று அறிவிக்கிறது. பத்துப் பேருக்கும் எப்படியும் 420 கொடுத்தே ஆக வேண்டும். பதினோராவது ஆளுக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் 420, வருவது 550. முதலாளி உடனே எடுத்துக்கொள்வார். கூலியும் ஏறியது, வேலையும் கூடியது. அரசு ஒரேயடியாக 600 என்று வைத்தால் கதை மாறும். 550க்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கட்டாது, ஆட்கள் வெளியே போவார்கள். குறைந்தபட்சக் கூலி நல்லதா கெட்டதா என்ற சண்டையில் இரு தரப்பும் ஏன் பாதி சரியாகப் பேசுகிறார்கள் என்பது இதில் தெரியும். எவ்வளவு, எந்தச் சந்தையில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992இல் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் எல்லையின் இருபுறமும் இருந்த துரித உணவகங்களை ஒப்பிட்டு, நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளம் இல்லை என்று 1994இல் வெளியிட்டார்கள். பெரிய விவாதம் கிளம்பியது, இன்றும் முடியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம் பக்கத்து விஷயத்துக்கு வருவோம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதிப் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. ஏழை வீட்டு இளம்பெண்களை மூன்றாண்டு அளவுக்கு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவார்கள். கல்யாணத்துக்கு உதவும் என்ற பெயரில் மொத்தத் தொகை கடைசியில்தான் கிடைக்கும். இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்தத் தொகை போய்விடும் என்ற பயம். இதைத் தடையற்ற சந்தையின் கொடுமை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிக்காவிட்டால் போய்விடலாம் என்பதுதானே அந்தச் சந்தையின் அடிப்படை? அந்தக் கதவையே பூட்டிவிட்டு நடத்துவதற்குச் சந்தை என்ற பெயர் பொருந்தாது.

ரேஷன் அரிசியும் டவுன் பஸ்ஸும்

"ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது, நூறு நாள் வேலை வேற. எவன் வயலுக்கு வருவான்?" திருமங்கலம், மேலூர்ப் பக்கம் விவசாயம் செய்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. சோம்பேறித்தனம் என்று முடித்துவிடுவார்கள். மேலே பார்த்த கணக்கில் பொருத்திப் பாருங்கள்.

2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்றது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். இரண்டும் சேர்ந்து கூலிக்காரருக்குக் கொடுத்தது சில நாள் பொறுத்திருக்கும் வலு. களை எடுக்கக் கூப்பிடும் கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் இன்று போகாமல் இருக்கலாம், அடுப்பு எரியும். ஸ்மித் சொன்ன 'ஒரு வாரம்' கொஞ்சம் நீண்டுவிட்டது. கூலி ஏறியது. சிறு விவசாயிக்கு அது வலிக்கிறது என்பதும் உண்மை. விளைபொருளை மண்டியில் விற்கும்போது பேர வலு இல்லாத அவரேதான் கூலி கொடுக்கும்போதும் நெருக்கப்படுகிறார். இதற்குச் சுலபமான விடை என்னிடம் இல்லை.

பஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 2021 மே முதல் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதைச் சலுகை என்று பேசுகிறோம், கேலியும் செய்கிறோம். பொருளாதாரக் கண்ணால் பார்த்தால், ஒரே மில் வேனை நம்பியிருந்த பெண்ணுக்கு விளக்குத்தூண் ஜவுளிக்கடையும், கோரிப்பாளையம் ஆஸ்பத்திரி வேலையும், மாட்டுத்தாவணியில் பூக்கட்டும் வேலையும் எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. பஸ் செலவுக்கே கூலியில் ஒரு பங்கு போனபோது இவை அவருக்கு இல்லாத வேலைகள். அரசு செலவழித்த பணம் சந்தையைக் குறைக்கவில்லை, பெரிதாக்கியிருக்கிறது.

அந்த ஜவுளிக்கடையிலும் ஒரு பாடம் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே சேலை விரிப்பவருக்கு உட்கார ஒரு ஸ்டூல் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஆனாலும் கடைகள் தாமாகக் கொடுக்கவில்லை. உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் தவறாக நினைப்பார், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று ஒவ்வொரு முதலாளிக்கும் பயம். எல்லோரும் ஒரே நேரத்தில் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, முதலில் கொடுக்கத்தான் ஆளில்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து இருக்கை கட்டாயம் என்றது.

1991 என்ற வருடம்

மில்கள் மூடியதற்கும் தாராளமயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சுருக்கமாக. 1991 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. நிதியமைச்சர் மன்மோகன் சிங் 24ஆம் தேதி பட்ஜெட் வாசித்தார். பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. இறக்குமதி வரி படிப்படியாக இறங்கியது. பழைய பெரிய பஞ்சாலைகளின் சரிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. விசைத்தறியோடு போட்டி போட முடியவில்லை, இயந்திரங்கள் பழசு. 1991 அந்தச் சரிவை உண்டாக்கியது என்பதைவிட, முட்டுக்கொடுத்த கையை எடுத்தது என்பது பொருத்தம்.

சந்தை திறந்தால் மொத்தத்தில் லாபம் என்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அந்த 'மொத்தத்தில்' என்பதற்குள்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். துணி மலிவானதால் வரும் லாபம் கோடிப் பேருக்குச் சில நூறு ரூபாயாகப் பிரிந்து போகிறது. நஷ்டம் சில ஆயிரம் குடும்பங்களின் தலையில் முழுதாக விழுகிறது. புதிய வேலைகள் உருவாயின, மறுக்கவில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அந்த இடம் மதுரையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல், எடுப்பதோ ஐடிஐ முடித்த இளைஞனை. நாற்பத்தைந்து வயதில் மில் வேலையை இழந்தவருக்குத் தெரிந்தது நூல் இழை மட்டும்தான். அவர் செக்யூரிட்டி ஆனார், ஆட்டோ ஓட்டினார். வென்றவர்களிடம் வரி வாங்கித் தோற்றவர்களுக்கு ஈடு செய்யலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். செய்துவிட வேண்டும் என்று சந்தையில் எந்த விதியும் இல்லை, அதை அரசியல்தான் செய்ய வேண்டும்.

செயலியில் ஓடும் வண்டி

கடைசியாக, இன்று கேட்கப்படும் கேள்வி. ஸ்விக்கி, சொமேட்டோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காளவாசல் சிக்னலில் நிற்கும் பையன் இருப்பது தடையற்ற சந்தையிலா?

வர விரும்பினால் வரலாம், நிறுத்த விரும்பினால் செயலியை அணைத்துவிடலாம். இந்த அளவில் ஆம். ஆனால் மாட்டுத்தாவணியில் விலை எல்லோர் காதிலும் விழுகிறது. விவசாயி பத்து கடை விசாரிக்கிறார். செயலியில் விலையை வைப்பது ஒரு தரப்பு. இந்த ஆர்டருக்கு ஏன் இவ்வளவு, பக்கத்தில் நிற்பவருக்கு எவ்வளவு, ஊக்கத்தொகைக் கணக்கு நேற்று ஏன் மாறியது என்பது இவருக்குத் தெரியாது. பேரம் பேச எதிரே ஆள் கிடையாது. வண்டியும் பெட்ரோலும் இவருடையது என்பதால் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியா, சுயதொழில் செய்பவரா என்பதே இழுபறி. தமிழ்நாடு அரசு 2023இல் இவர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தது. பதிவு செய்துகொண்டால் விபத்து, கல்வி, திருமணம் போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு. ஒரு டெலிவரிக்கு எவ்வளவு என்பதை வாரியம் நிர்ணயிப்பதில்லை. அது இப்போதும் செயலியின் கையில்தான்.